சக்கரத்தடியில் நான்கு சுண்டைக்காய்

இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. சேலையூர் கேம்ப் ரோட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் ஓடுகிறது. மெக்கானிக் கடைக்காரர்கள் பைக்குகளை வரிசையாக நிறுத்தி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். பூசணிக்காயும் வாழைக்கன்றும் சாலையில் பாதியைப் பிடித்துக்கொண்டுவிட்டதால் பஸ்காரர் ஓயாமல் ஹாரன் அடிக்கிறார். நான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்க்கிறேன். நம் வயசுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்கு அம்பாசிடர் என்றால் என்ன, அதன் பின் சீட்டில் எத்தனை பேர் அடங்குவார்கள் என்றெல்லாம் விளக்கி மாளாது. உங்களுக்கு விளக்க வேண்டாம். நீங்களும் யார் மடியிலாவது உட்கார்ந்து போனவர்கள்தான்.

எங்கள் தெருவில் முதல் கார் எங்கள் வீட்டுக் கார். முதல் கார் என்றதும் பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா வேலை பார்த்த கம்பெனியில் கழித்துப் போட்ட வண்டி அது. ஏலத்தில் எடுத்து, சேலையூர் வரைக்கும் பாதி ஓட்டி, பாதி தள்ளிக்கொண்டு வந்தார். பிறந்தபோது அது கறுப்பு. கம்பெனிக்காரர்கள் அதன் மேல் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். அப்பா அதன் மேல் பச்சை அடித்தார். அம்மாவுக்குப் பச்சை பிடிக்கும் என்பதுதான் காரணம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "அழுக்கு தெரியாது பாரு" என்றார்.

உள்ளே ஏறினால் ரெக்ஸின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் அப்பாவின் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து வரும். அப்பா ஓட்டும்போது வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்வார். எந்தப் பருவமானாலும் அப்படித்தான். அதனாலேயே அவருடைய வலது கை இடது கையைவிடக் கறுத்திருக்கும். கதவில் அந்த இடத்தில் பச்சை தேய்ந்து சாம்பல் தெரியும், சாம்பல் தேய்ந்து கறுப்பு தெரியும், நடுவில் ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தகரமே வெளுப்பாக மின்னும். வெயிலில் நின்ற வண்டியில் அந்த இடத்தைத் தொட்டால் விரல் சுட்டுவிடும். அண்ணனும் நானும் பந்தயம் வைத்துக்கொண்டு தொடுவோம்.

ஆயுத பூஜைதான் எங்கள் வீட்டின் பெரிய பண்டிகை. தீபாவளிகூட அதற்கு அடுத்ததுதான். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து வண்டியைத் தேய்ப்பார். பம்பருக்குப் புளி, கண்ணாடிக்குப் பழைய பேப்பர். சந்தனம், குங்குமம், பானெட் மேல் சாமந்தி மாலை. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வோர் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடிந்ததும் அப்பா ஏறி வண்டியை ஒரு முழம் முன்னால் எடுப்பார். பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டதும் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கை தட்டுவோம். அப்பா தலையை வெளியே நீட்டி, உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, "வண்டி எடுத்தாச்சு!" என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவாள். பிறகு தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அடைத்துக்கொண்டு வண்டலூர் வரைக்கும் ஒரு சுற்று. அப்போது அங்கே மிருகக்காட்சி சாலை எல்லாம் வரவில்லை. புதரும் மேடும்தான். நாங்கள்தான் மிருகங்கள்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் வந்தது. டிபி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? "சளி" என்பார்கள். "கொஞ்சம் பலவீனம்" என்பார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரியும். கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். காலி மருந்து பாட்டில்களின் ரப்பர் மூடிகளை அண்ணன் கழற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டான். எதற்கென்று அப்போது அவனுக்கே தெரிந்திருக்காது. அம்மா வீட்டில் இருந்ததையெல்லாம் கொதிக்க வைத்தாள், இல்லாவிட்டால் ஃபினாயில் போட்டுக் கழுவினாள். எங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிப்பதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். அப்பா போன பிறகும் அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. வெளியே நின்ற காரை மட்டும் அவள் தொடவே இல்லை. கடைசியாக அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்த வண்டிதான்.

அந்த ஒரு வருஷம் வண்டி வாதாம் மரத்தடியிலேயே கிடந்தது. இலை விழுந்து விழுந்து கூரையில் செம்பழுப்புக் கறை பிடித்தது. காக்கை எச்சம், மழைச் சேறு, சக்கரத்துக்கு மேலே துரு. பின் சீட்டில் எதிர் வீட்டுக் கோழி முட்டை வைத்தது. ஆனால் கதவில் அப்பா முழங்கை வைத்த இடத்தில் மட்டும் துரு ஏறவில்லை. ஏன் என்று எனக்கு இப்போது தெரியும். அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டுத்தான் உள்ளேயே வருவான். அவனுக்கு அப்போது பதின்மூன்று, எனக்கு ஒன்பது.

அப்பாவின் வருஷத் திவசம் முடிந்த கையோடு சித்தப்பா பேச்சை எடுத்தார். அப்பாவின் தம்பி, வண்டலூரில் இருந்தார். நல்லவர்தான். எங்களுக்காகத்தான் எல்லாம் செய்தார். நல்லவர்கள் அவசரப்பட்டால் தடுக்கவும் முடியாது.

"அண்ணி, இன்னும் எதுக்கு அந்த வண்டிய வெச்சிருக்கீங்க? பாம்பு வந்து அடையும். பாக்கறவங்களும் ஒரு மாதிரி பேசறாங்க."

"உங்க இஷ்டம் தம்பி" என்றாள் அம்மா. அவள் அந்த வருஷம் முழுக்கப் பேசியதே அவ்வளவுதான்.

காயலான் கடைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தட்டு தட்டினார். "இன்னா சார் இது, தட்னா கொட்டிரும் போல கீது. ஓட்டிகினு எல்லாம் போவ முடியாது. கவுறு கட்டி இஸ்துகினுதான் போவணும்" என்றார்.

அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டான். "அந்த டிரைவர் சைடு டோர் மட்டும் கழட்டிக் குடுப்பீங்களா?"

"எடுத்துக்கோ கண்ணு, அத வெச்சி நான் இன்னா பண்ணப்போறேன்" என்றார் அவர். ஸ்பானரைக்கூட எடுத்துவிட்டார்.

சித்தப்பாதான் தடுத்தார். "கதவ வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற? துருப்பிடிச்ச தகரம், கையக் கிழிச்சா செப்டிக் ஆயிடும். போ, போய்ப் படி." கதவும் வண்டியோடே போயிற்று. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனபோது ஸ்டீயரிங்கைப் பிடிக்க யாரோ ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அவனும் வலது முழங்கையை ஜன்னலில்தான் வைத்திருந்தான். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

வண்டி போவதற்கு முன்பே அவன் அதை அளந்து வைத்திருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அம்மாவின் தையல் டேப்பால் நீளம், அகலம், உயரம் எல்லாம். கூடவே ஒரு தைல டப்பா நிறையத் துரு சுரண்டி எடுத்து வைத்திருந்தான்.

அந்த மருந்து பாட்டில் மூடிகளுக்கும் அப்போதுதான் வேலை வந்தது. அவைதான் சக்கரம். சக்கரம் இவ்வளவு என்றால் வண்டி எவ்வளவு என்று அவன் கணக்குப் போட்டான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, அடியிலிருந்து குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உடம்பைச் செய்தான். அம்பாசிடரின் அந்தக் குண்டுக் கன்னம் வருவதற்குள் எத்தனை கட்டையைப் பாழாக்கினான் என்று எனக்குத்தான் தெரியும். சீவலையெல்லாம் பெருக்கியவள் நான். பம்பருக்குப் பற்பசை டியூபை வெட்டி மடித்தான். முன் விளக்குக்குச் சட்டைப் பொத்தான்.

கண்ணாடிக்கு என்ன செய்தான் தெரியுமா? பீரோவுக்கு மேல் அப்பாவின் எக்ஸ்ரே படங்கள் ஒரு பழுப்பு உறையில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துச் சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊற வைத்துத் தேய்த்தான். கறுப்பெல்லாம் கரைந்து, இளநீலமாக, மெல்லிசாக, கண்ணாடி மாதிரியே ஒரு தகடு மிஞ்சியது. அப்பாவின் விலா எலும்புகள் பக்கெட்டுத் தண்ணீரில் கரைவதை நான் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தேன். அப்போது எனக்கு அது ஒரு வித்தை மாதிரி இருந்தது.

டிரைவர் பக்கக் கதவுக்கு மட்டும் அவன் மரத்தை நம்பவில்லை. பவுடர் டின்னிலிருந்து ஒரு தகரத் துண்டை வெட்டி, வளைத்து, அந்த இடத்தில் பதித்தான். தேய்ந்தால் தகரம் தெரிய வேண்டும், மரம் தெரியக் கூடாது. பிறகு கறுப்பு அடித்தான். காய்ந்ததும் சாம்பல். அது காய்ந்ததும் பச்சை. வண்டி எந்த வரிசையில் நிறம் மாறியதோ அதே வரிசை.

பச்சை காய்ந்த அன்று அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். அது அவ்வளவு அழகாக இருந்தது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்படியே இருக்குடா" என்றாள்.

"இன்னும் இல்லம்மா, இனிமேதான்" என்றான் அண்ணன்.

மறுநாளிலிருந்து அவன் அதை அழுக்காக்க ஆரம்பித்தான். தைல டப்பாவில் இருந்த துருவைக் கோந்தில் குழைத்துச் சக்கரத்துக்கு மேலே வைத்தான். வாதாம் இலையைக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கூரையில் சொட்டு சொட்டாக விட்டுக் கறை உண்டாக்கினான். வண்டி நின்ற இடத்து மண்ணைத் துணியில் சலித்து அடியில் தூவினான். காக்கை எச்சத்துக்குச் சுண்ணாம்பு. புகைக் குழாய்க்கு ஸ்டவ் திரிக் கரி. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பான். "பின் பக்கம் லெஃப்ட்ல ஒரு நெளிசல் இருந்துச்சே பாப்பா, மேல இருந்துச்சா கீழ இருந்துச்சா?" என்று என்னைக் கேட்பான். நான் ஏதாவது சொல்வேன். வீட்டில் எல்லோருக்கும் நான் பாப்பாதான். இந்த வயதிலும் அண்ணன் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ அழகா பண்ணிட்டு ஏன்டா இப்படி நாசம் பண்ற?"

"நாசம் இல்லம்மா. அப்படித்தானே இருந்துச்சு."

அம்மா மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். ரொம்ப நேரம் மிஷின் ஓடவில்லை.

எல்லாம் வந்தது, அந்தக் கதவு மட்டும் வரவில்லை. துணியில் சாம்பலைத் தொட்டுத் தேய்ப்பான். பெயிண்ட் செதிலாகப் பெயர்ந்துவிடும். மறுபடி மூன்று நிறமும் அடிப்பான், மறுபடி தேய்ப்பான். உப்புத்தாளால் தேய்த்தால் கோடு விழுந்தது. விரலால் தேய்த்தால் ஒன்றுமே ஆகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து இதே வேலை. "சுரண்டின மாதிரிதான் இருக்கு பாப்பா. தேஞ்ச மாதிரி வரல" என்பான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

எதிர் வீட்டு டீச்சர் அம்மாவிடம் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா இருக்கறத அழுக்காக்கறது நார்மல் இல்ல. பையன் மனசுல என்னமோ ஓடுது." படித்தவர் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது. இடம் மாறினால் சரியாகிவிடும் என்று, பூஜை லீவு தொடங்கியதும் அண்ணனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூஜையன்று காலையில் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஏற்பாடு. போகும்போது அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னான், "வந்து டோர முடிச்சிடறேன். வெயில்ல மட்டும் வெச்சிடாத."

அன்று மத்தியானம் அம்மா தோய்க்கிற கல் மேல் அந்தக் காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டாள். அப்பா பம்பரைத் தேய்ப்பாரே, அதே மாதிரி தேய்த்தாள். துரு போயிற்று, வாதாம் கறை போயிற்று, சேறெல்லாம் கலங்கி ஓடிற்று. ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமல் டப்பா ஒன்று பரணில் இருந்தது. அதைத் திறந்து, தலைமுடி அளவு தூசிகூட ஒட்டாமல் மேலே ஒரு பூச்சு பூசினாள். எவ்வளவு கவனமாகப் பூசினாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்பா போனதிலிருந்து அவள் முகத்தில் நான் காணாத ஒரு தெளிவு அன்று இருந்தது. ஒன்பது வயதுக்குப் பளபளப்பு பிடிக்கும். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

பூஜையன்று காலை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் வந்த முதல் பண்டிகை. பலகை மேல் புத்தகங்கள், தையல் மிஷினுக்குப் பொட்டு, அரிவாள்மனை, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நுனி வாழை இலை. அதன் மேல் அந்தக் கார், புத்தம் புதுசாக, சாமந்தி இதழ்களைக் கோத்த ஒரு குட்டி மாலையோடு. அந்தச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் பெரிசு. அம்மா யோசித்து, நான்கு பச்சைச் சுண்டைக்காயைப் பொறுக்கி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்திருந்தாள்.

அண்ணன் கையில் பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

"வாடா கண்ணு, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். கற்பூரம் காட்டியாச்சு" என்றாள் அம்மா. சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "வண்டிய எடு."

அவன் இலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து காரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அந்தத் தைல டப்பாவில் இருந்த துருதான் அப்பா வண்டியில் மிச்சம் இருந்தது எல்லாம். அது சாக்கடையில் போய்விட்டது. அவன் அழுதிருந்தால் தேவலாம். அழவில்லை.

"இது அப்பா வண்டி இல்ல" என்றான்.

"அப்பா வண்டிதான்டா. அப்பா எப்படி வெச்சிருப்பாரு, அப்படி..."

"இது அப்பா வண்டி இல்ல."

எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டான். சித்தப்பா, "சின்னப் பையன் அண்ணி, சரியாயிடுவான். நான் வேணா எடுக்கட்டுமா?" என்று குனிந்தார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "வேணாம் தம்பி. அவன் எடுப்பான்."

சாயங்காலம் வரை சுண்டைக்காய்கள் அப்படியே இருந்தன. விளக்கேற்றும்போது அம்மா அவற்றை எடுத்துத் துளசிச் செடியடியில் போட்டாள். காரைக் கூடத்துச் சுவர் மாடத்தில் வைத்தாள்.

இதற்காக ஒரு மகன் அம்மாவோடு பேசாமல் இருப்பானா என்று கேட்பீர்கள். பேசினான். அதுதான் கஷ்டம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கரண்ட் இருக்கா என்று எல்லாம் கேட்பான். படித்து வேலைக்கு வடக்கே போனான், அங்கேயே குடும்பமானான். பொங்கலுக்கு வருவான், தீபாவளிக்கு வருவான், அம்மாவுக்குப் புடவை வாங்கி வருவான். ஆயுத பூஜைக்கு மட்டும் வர மாட்டான். அந்தக் காரைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வரும்போது மாடம் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடே இருந்துவிட்டேன். அது வேறு கதை, இங்கே வேண்டாம். அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு.

வருஷம் தவறாமல் அம்மா அந்தக் காருக்குப் பூஜை செய்தாள். ஈரத் துணியால் துடைப்பாள். துடைக்கும்போது காரின் முகம் அவளைப் பார்த்திருக்கும்படி இடது கையில் பிடித்துக்கொள்வாள், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. சந்தனம் வைப்பாள். நான்கு சுண்டைக்காய் வைப்பாள். "வண்டிய நீயே எடும்மா" என்று நான் அலுத்துக்கொண்டு சொன்னால், "அவன் வந்து எடுப்பான்" என்பாள். சாயங்காலம் துளசிச் செடியடியில் போடுவாள். பூஜைக்கு மட்டுமில்லை, மனசு சரியில்லாத நாளிலெல்லாம் காரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பாள். துடைக்கத் துணி இல்லாவிட்டால் முந்தானை. சேலையூர் முழுக்க அபார்ட்மென்ட் முளைத்தது, வாதாம் மரம் போயிற்று, சித்தப்பா போனார். அம்மா துடைப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் துடைத்துக்கொண்டே, நான் கேட்காமலேயே சொன்னாள்.

"அவன் என்னக் குத்திக் காட்டறான்னு நெனச்சேன் பாப்பா."

"எதுக்கும்மா?"

"அப்பா போனப்புறம் வண்டிய நான் தொடவே இல்லையே. துருப்பிடிக்க விட்டுட்டேன்னு சொல்லாம சொல்றான்னு நெனச்சேன். அப்படித்தானே இருந்துச்சுன்னு சொன்னான் பாரு, அன்னிக்கு. கழுவாம விட்டது என் தப்புதானே. அதான் கழுவிட்டேன்."

தான் பூசியதை அவன் அழுக்கென்று நினைக்கவில்லை, தான் பூசியதை அவள் அலங்காரம் என்று நினைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மனுஷனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டு அப்படியே சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு, "அங்க மழை ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டான்.

போன ஆயுத பூஜைக்கு அம்மா கட்டிலோடு கிடந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான்தான் எல்லாம் செய்தேன். காரை அவள் கையில் கொடுத்தேன், படுத்தபடியே துடைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் மாடத்தில் காருக்கு முன்னால் வைத்திருந்த சுண்டைக்காயை எடுக்கப் போனேன்.

"எடுக்காத" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

மாசியில் போய்விட்டாள். அண்ணன் வந்து கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, மத்தியான வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. அண்ணன் மொட்டைத் தலையோடு சும்மா நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு இப்போது அப்பாவை விட வயது அதிகம். மாடத்துக்கு முன்னால் நின்றான்.

காரை எடுத்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தான். நானும் பக்கத்தில் போனேன்.

டிரைவர் கதவு. அம்மா காரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்கும்போது அவள் இடது கைக் கட்டைவிரல் அழுந்துகிற இடம். எனாமல் அங்கே போய்விட்டிருந்தது. அதற்கடியில் அண்ணன் அடித்த பச்சை, ஓரம் தெரியாமல் மெலிந்து சாம்பலாகி, சாம்பல் மெலிந்து கறுப்பாகி, நடுவில் ஒரு மிளகளவு தகரம் வெளுப்பாக மின்னியது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவே இல்லை.

அண்ணன் தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"சுரண்டின மாதிரி இல்ல பாப்பா" என்றான். "தேஞ்ச மாதிரி இருக்கு."

"ம்."

"நான் ஒரு மாசத்துல வர வைக்கப் பாத்தேன்."

அறுபது தாண்டிய ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். இதை அவள் இருக்கும்போது வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாகவும் வந்தது. அழுகையாகவும் வந்தது. கேட்கவில்லை. அவன் அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு காரை மாடத்தில் அதே இடத்தில் வைத்தான். சுண்டைக்காய்கள் அங்கேயே கிடந்தன. கறுத்து, சுருங்கி, வற்றலாகப் போயிருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் நகர்த்திச் சக்கரத்துக்கு நேராக வைத்தான். காரின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, முன்னால் தள்ளினான். நசுங்குவதற்கு அவற்றில் ஈரம் இல்லை. நொறுங்கின. விதைகள் மட்டும் மாடத்திலிருந்து தரையில் கொட்டின.

எதிர்ச் சுவரில் அம்மாவின் படத்தில் அன்றைய மாலை இன்னும் வாடாமல் இருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அம்மா, வண்டி எடுத்தாச்சு."